விஆர்ஆர்பி போதவில்லை: இரண்டு கேட்வேயையும் பிஜிபி-க்கு மாற்ற யோசனை வேண்டும்

நடுராத்திரி_அட்மின் (கேள்வி):

வணக்கம். அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் எங்களுக்கு நான்கு ரேக் இருக்கிறது. ஒவ்வொரு ரேக்கிலும் எம்எல்ஏஜி போட்ட (இரண்டும் சேர்ந்து ஒன்றுபோல நடக்கும்) ஒரு ஜோடி டாப்-ஆஃப்-ரேக் சுவிட்ச், மேலே ரேக்குகளை இணைக்கும் இரண்டு ஸ்பைன் சுவிட்ச், ஓரத்தில் இரண்டு லினக்ஸ் கேட்வே. சுவிட்ச் எல்லாமே லேயர் 3, அதாவது ரூட்டிங், செய்யக்கூடியவைதான், ஆனால் இதுவரை விலான் சுமக்கும் வேலையை மட்டும்தான் அவற்றுக்குக் கொடுத்திருக்கிறோம். சர்வர்களின் டிஃபால்ட் கேட்வே என்பது லினக்ஸ் பெட்டிகளில் கீப்அலைவ்டி என்ற மென்பொருள் வைத்திருக்கும் விஆர்ஆர்பி முகவரி, அதாவது இரண்டு பெட்டிக்கும் பொதுவான ஒரு ஐபி, மாஸ்டராக இருக்கும் பெட்டிதான் அதற்குப் பதில் சொல்லும். என்எஃப்டேபிள்ஸ் (ஃபயர்வால்), நேட் (உள் முகவரியைப் பப்ளிக் முகவரியாக மாற்றுவது) இரண்டும் அதே பெட்டிகளில் ஓடுகின்றன. வெளியே ஆளுக்கு ஒரு ஐஎஸ்பி. சொந்த /24 (256 பப்ளிக் முகவரி), சொந்த ஏஎஸ் எண் (நெட்வொர்க்கின் அடையாள எண்) இருக்கிறது. இரண்டு ஐஎஸ்பி-யோடும் பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் முறை) பேசி டிஃபால்ட் ரூட் மட்டும் வாங்குகிறோம். கேட்வே இரண்டுக்கும் நடுவில் நேரடி கேபிள் எதுவும் இல்லை.

பிரச்சினை இதுதான். முதல் ஐஎஸ்பி-யின் ஃபைபர் எங்கேயோ அறுந்தது. ஆனால் நடுவில் இருக்கும் மீடியா கன்வர்ட்டர் எங்கள் பக்கத்து லிங்க் விளக்கை எரியவிட்டபடியே இருந்தது. பிஜிபி ஹோல்ட் டைமர் (எதிர்ப்பக்கம் பேசாமல் இருந்தால் காத்திருக்கும் நேரம்) 180 நொடி முடிந்த பிறகுதான் செஷன் விழுந்தது, டிஃபால்ட் ரூட் போனது. ஆனால் விஆர்ஆர்பி-க்கு இதெல்லாம் தெரியாது, உள்பக்க இன்டர்ஃபேஸ் நன்றாக இருப்பதால் அதே பெட்டிதான் மாஸ்டர் என்று உட்கார்ந்துவிட்டது. நாங்கள் கையால் நிறுத்தும்வரை எல்லா பாக்கெட்டும் அங்கே போய்ச் செத்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு 8.8.8.8-க்கு பிங் அடிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை கீப்அலைவ்டி-யில் சேர்த்தோம். அது வேறு தலைவலி. பிங் பதில் கொஞ்சம் தாமதமானாலே மாஸ்டர் இங்கும் அங்கும் தாவுகிறது, ஒருமுறை இரண்டு பெட்டியிலும் ஸ்கிரிப்ட் தோற்று இரண்டுமே ஃபால்ட் நிலைக்குப் போய் முகவரி யாரிடமும் இல்லாமல் போனது. இது போதாதென்று ஸ்பைன் ஃபர்ம்வேர் ஏற்றும்போது இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு விழுந்து இரண்டு பெட்டியும் மாஸ்டர் ஆகி ஏஆர்பி சண்டை (ஒரே ஐபி-க்கு இருவரும் பதில் சொல்வது) வேறு.

அதனால் விஆர்ஆர்பி-யை விட்டுவிட்டு உள்ளேயும் டைனமிக் ரூட்டிங் வைக்கலாம் என்று எங்கள் டீமில் பேச்சு. ஓஎஸ்பிஎஃப்-ஆ (ஒரே நெட்வொர்க்குக்குள் ஓடும் ரூட்டிங் முறை) பிஜிபி-யா? சர்வர்களுக்கு டிஃபால்ட் கேட்வே எங்கே இருக்க வேண்டும்? நேட் இருப்பதால் இரண்டு கேட்வேயையும் ஒரே நேரத்தில் ஓடவிட முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


கேபிள்_கந்தன்:

நான்கு ரேக்குக்கு இவ்வளவு தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. விஆர்ஆர்பி ஒன்றும் மெதுவானது இல்லை, ஒரு நொடிக்கு ஒரு அறிவிப்பு, மூன்று தவறினால் கொஞ்சம் சேர்த்து நான்கு நொடிக்குள் அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார், மூன்றாம் பதிப்பில் அதையும் ஒரு நொடிக்குக் கீழே இறக்கலாம். உங்களுடைய முதல் கோளாறுக்கு மருந்து மிகச் சின்னது: இரண்டு கேட்வேக்கும் நடுவில் ஒரு கேபிள் போட்டு ஐபிஜிபி (ஒரே ஏஎஸ் எண்ணுக்குள் பேசும் பிஜிபி) ஏற்றுங்கள், நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப் (அடுத்த படி நானே என்று அறிவிப்பது) மறக்காதீர்கள். முதல் ஐஎஸ்பி போனால் முதல் பெட்டி தன் டிராஃபிக்கை இரண்டாவது பெட்டி வழியாக அனுப்பிவிடும், மாஸ்டர் மாறவே தேவையில்லை. பிங் ஸ்கிரிப்ட்டைத் தூக்கி எறியுங்கள்.

டைனமிக் ரூட்டிங் வேண்டும் என்று முடிவே எடுத்துவிட்டீர்கள் என்றால் ஓஎஸ்பிஎஃப் போதும். அதில் ஒரு நல்ல குணம் இருக்கிறது: டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட் என்று எழுதி, பின்னால் ஆல்வேஸ் போடாமல் விட்டால், தன் டேபிளில் டிஃபால்ட் ரூட் இருக்கும்வரைதான் உள்ளே அறிவிக்கும். ஐஎஸ்பி செஷன் விழுந்தால் தானாகவே பின்வாங்கிவிடும். நீங்கள் கேட்டதே அதுதானே. ஹலோ 10 நொடி, டெட் 40 நொடி என்ற டிஃபால்ட்டை மட்டும் அப்படியே விடாதீர்கள்.

ஒன்றே ஒன்று: என்ன ஆனாலும் பிஜிபி ரூட்டுகளை ஃபில்டர் இல்லாமல் ஓஎஸ்பிஎஃப்-க்குள் ரீடிஸ்ட்ரிபியூட் செய்யாதீர்கள், அதாவது அப்படியே கொட்டாதீர்கள். இன்றைக்கு ஐஎஸ்பி டிஃபால்ட் மட்டும் தருகிறான், நாளைக்கு ஃபுல் டேபிளை (இணையத்தின் எல்லா ரூட்டும்) திறந்துவிட்டால் உங்கள் ரேக் சுவிட்ச் தாங்காது. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நெட்வொர்க் நாடு முழுக்கப் படுத்தது இந்த வகைச் சங்கதியால்தான், ஒரு ரூட் ஃபில்டரை எடுத்ததும் கோர் ரூட்டர்கள் வெள்ளத்தில் மூழ்கின.


ஏஎஸ்_பாத்:

கந்தன் அண்ணன் சொல்லும் ஐபிஜிபி கேபிள் சரி, அதை இன்றைக்கே போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஆனால் விஆர்ஆர்பி-யை வைத்துக்கொண்டால் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பைன் நடு இணைப்பு விழுந்து இரண்டு மாஸ்டர் வந்த கதையை அவர் தாண்டிப் போய்விட்டார். நான்கு ரேக்கிலும் ஒரே விலான் நீண்டு கிடக்கும்வரை அந்த நோய் போகாது. நெட்வொர்க் இரண்டாகப் பிளந்தால் இரண்டு பக்கமும் "நான்தான் உயிரோடு இருப்பவன்" என்று நினைக்கும். ரூட்டிங்கில் அந்தக் கேள்வியே எழுவதில்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டிஃபால்ட் அறிவித்தாலும் தவறில்லை, எது எட்டுகிறதோ அதைச் சுவிட்ச் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை, சர்வர்களின் டிஃபால்ட் கேட்வேயை லினக்ஸ் பெட்டியிலிருந்து கீழே இறக்கி ரேக் சுவிட்சுக்குக் கொண்டுவாருங்கள். எம்எல்ஏஜி ஜோடியில் இரண்டு சுவிட்சுக்கும் ஒரே ஐபி, ஒரே மேக் முகவரி கொடுத்து எனிகாஸ்ட் கேட்வேயாக வைக்கலாம், பெரும்பாலான சுவிட்சுகளில் இந்த வசதி உண்டு. ரேக்குக்கு ஒரு சப்நெட். சர்வர் ஐபி மாற வேண்டியிருக்கும், அது வலிக்கும், வேறு வழியில்லை. ஒரே சப்நெட் எல்லா ரேக்கிலும் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஈவிபிஎன்-விஎக்ஸ்லான் (விலானை ரூட்டிங் மேல் நீட்டும் முறை) என்று ஒரு தனி உலகம் இருக்கிறது. கேட்வே மாற்றத்தையும் அதையும் ஒரே திட்டத்தில் கலக்காதீர்கள்.

அதற்கு மேலே எல்லாம் இபிஜிபி, அதாவது வேறு வேறு ஏஎஸ் எண்களுக்கு இடையில் பேசும் பிஜிபி. ஆர்எஃப்சி 7938 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தைப் படியுங்கள், 2016-இல் வந்தது, பெரிய டேட்டா சென்டர்களுக்காக எழுதியது என்றாலும் நான்கு ரேக்குக்கும் அதே சட்டைதான் பொருந்தும். ரேக்குக்கு ஒரு பிரைவேட் ஏஎஸ் எண், ஸ்பைன் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. ஸ்பைனுக்கு ஒரே எண் கொடுப்பதால் ஒரு லாபம் உண்டு: ஒரு ஸ்பைனிலிருந்து கீழே இறங்கி ஒரு ரேக் வழியாக மறுபடி அடுத்த ஸ்பைனுக்கு ஏறும் கோணல் பாதையை ஏஎஸ் லூப் சோதனையே (பாதையில் தன் எண்ணே இருந்தால் அந்த ரூட்டைத் தள்ளுவது) வெட்டிவிடும். கேட்வேக்கு உங்கள் சொந்தப் பப்ளிக் எண். எஃப்ஆர்ஆர் (லினக்ஸில் ஓடும் ரூட்டிங் மென்பொருள்) போட்டால் இன்டர்ஃபேஸ் பெயரை மட்டும் கொடுத்து ஐபிவி6 லிங்க்-லோக்கல் முகவரி மேல் செஷன் ஏற்றலாம், ஒவ்வொரு கேபிளுக்கும் /31 கணக்குப் போடும் வேலை மிச்சம்.

இதில் எங்கே தடுக்கி விழுவீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். எஃப்ஆர்ஆர் 7.4-க்குப் பிறகு, டிரெடிஷனல் புரொஃபைலில், இபிஜிபி நெய்பருக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று பாலிசி எழுதாவிட்டால் ஒரு ரூட்டும் நகராது. செஷன் ஏறியிருக்கும், ரூட் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும், தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அந்தச் சோதனையை அணைக்காதீர்கள், பாலிசியை எழுதுங்கள். ஐஎஸ்பி பக்கம் வெளியே போவது உங்கள் /24 மட்டும், உள்ளே வருவது நீங்கள் கேட்டது மட்டும். இன்னொன்று, ஸ்பைனுக்கு இரண்டு கேட்வேயிலிருந்தும் வரும் டிஃபால்ட் ரூட்டின் ஏஎஸ் பாதை வேறு வேறு, ஒன்றில் முதல் ஐஎஸ்பி எண் இருக்கும், மற்றதில் இரண்டாவது. நீளம் ஒன்றாக இருந்தாலும் உள்ளடக்கம் வேறு என்பதால் மல்டிபாத்-ரிலாக்ஸ் போடாமல் ஈசிஎம்பி (சமமான இரண்டு வழியிலும் டிராஃபிக்கைப் பிரித்து அனுப்புவது) வராது. ஒரு ஐஎஸ்பி டிஃபால்ட்டைத் தானே பிறப்பித்து, மற்றவன் தனக்கு மேலே இருப்பவனிடமிருந்து வாங்கித் தந்தால் நீளமே வேறாகிவிடும்.

இதற்குச் சுருக்குவழி என்று சிலர் கேட்வேயில் டிஃபால்ட்-ஒரிஜினேட் என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். பிஜிபி-யில் அந்த வரி நிபந்தனை இல்லாதது. கேட்வேக்கே வெளியே போக வழி இல்லாவிட்டாலும் அது டிஃபால்ட்டை அறிவித்துக்கொண்டேதான் இருக்கும், சரக்கே இல்லாத கடையில் "திறந்திருக்கிறது" என்று போர்டு தொங்குவதுபோல. கந்தன் அண்ணன் சொன்ன ஓஎஸ்பிஎஃப் குணம் இங்கே தலைகீழ், இரண்டிலும் கட்டளையின் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பலர் இதில் மாட்டுகிறார்கள். ஐஎஸ்பி தந்த டிஃபால்ட்டை அப்படியே உள்ளே கடத்துங்கள், அல்லது ரூட்-மேப் (ரூட்டுகளுக்கான விதிப் பட்டியல்) வைத்து நிபந்தனையோடு பிறப்பியுங்கள்.

டைமர் பற்றி: கேட்வேக்கும் ஸ்பைனுக்கும் நேர் கேபிள் என்றால் லிங்க் விழுந்த கணமே செஷன் விழும், ஆனாலும் பிஎஃப்டி (எதிர்முனை எட்டுகிறதா என்று விடாமல் சின்னப் பாக்கெட் அனுப்பிப் பார்ப்பது) வையுங்கள், ஒளி இருந்தும் பாக்கெட் போகாத கேபிள்கள் உண்டு. எஃப்ஆர்ஆர்-இன் டிஃபால்ட் 300 மில்லிசெகண்ட், மூன்று தவறினால் விழும், அதாவது ஒரு நொடிக்குள். லினக்ஸில் அதற்கும் கீழே போகாதீர்கள். சிபியு கொஞ்சம் மூச்சுவாங்கினால் பிஎஃப்டி விழும், ரூட் மாறும், அதனால் சிபியு இன்னும் மூச்சுவாங்கும். ஐஎஸ்பி-யிடம் பிஎஃப்டி கேளுங்கள், சின்ன வாடிக்கையாளருக்குத் தர மாட்டேன் என்றால் கவலையில்லை. ஹோல்ட் டைம் என்பது இரண்டு பக்கமும் சொல்வதில் எது சிறியதோ அதுதான். உங்கள் பக்கம் 9 என்று எழுதி செஷனை ஒருமுறை விழவைத்து ஏற்றினால், அவர்கள் குறைந்தபட்சம் என்று ஒரு எல்லை வைத்திருக்காதவரை 9-தான் நிற்கும். 180 நொடி காத்திருந்த கதை அதோடு முடிந்தது.


சுவிட்ச்_சுப்பு:

ரூட்டிங் பகுதி நன்றாக எழுதியிருக்கிறார், நான் நேட் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் இந்தத் திட்டம் உடையப்போவது அங்கேதான். ரூட்டருக்கு நினைவு கிடையாது, எந்தப் பாக்கெட் எந்தப் பக்கம் போனாலும் கவலையில்லை. நேட் பெட்டிக்கு நினைவு உண்டு, அந்த நினைவு அதன் கான்ட்ராக் டேபிளில் (நடக்கும் கனெக்ஷன்களின் பட்டியல்) மட்டும் இருக்கிறது.

ஈசிஎம்பி போட்டு இரண்டு கேட்வேயையும் ஓடவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு சர்வர் முதல் கேட்வே வழியாக வெளியே போகிறது, உங்கள் /24-இல் ஒரு முகவரியாக மாறுகிறது. பதில் எந்த ஐஎஸ்பி வழியாக வரும் என்பது உங்கள் கையில் இல்லை. இரண்டாவது கேட்வேக்கு வந்தால் அதற்கு இந்தக் கனெக்ஷன் தெரியாது, போட்டுவிடும். /24-ஐப் பாதியாக்கி ஆளுக்கு ஒரு /25 அறிவிக்கலாமே என்றால் /24-க்குச் சின்னதை வெளியுலகில் பெரும்பாலும் யாரும் ஏற்பதில்லை.

சரியான வழி, அந்த நடுக் கேபிளைப் பயன்படுத்துவது. ஒவ்வொரு கேட்வேக்கும் தனி நேட் தொகுதி, ஆளுக்கு ஒரு /27 என்று வையுங்கள். வெளியே இரண்டுமே /24-ஐ அறிவிக்கட்டும். தங்களுக்குள் ஐபிஜிபி-யில் அவரவர் /27-ஐ அறிவிக்கட்டும். தவறான வாசலுக்கு வந்த பதிலை இரண்டாவது கேட்வே சும்மா ரூட் செய்து முதல் கேட்வேக்குத் தள்ளிவிடும். இதில் மூன்று இடத்தில் பாக்கெட் காணாமல் போகும். என்எஃப்டேபிள்ஸில் இன்வேலிட் நிலையில் இருப்பதைத் தள்ளு என்று எல்லோரும் ஒரு வரி வைத்திருப்போம், இந்தப் பாக்கெட் அந்தப் பெட்டிக்கு இன்வேலிட்தான், எனவே அடுத்தவரின் /27-க்கு ரா நிலையிலேயே நோட்ராக் (கான்ட்ராக் இதைக் கவனிக்காதே என்ற விதி) போட்டு, அதை ஃபார்வர்ட் செய்யும் அனுமதியையும் தனியாக எழுத வேண்டும். அடுத்தது ஆர்பி-ஃபில்டர், பாக்கெட் வந்த பக்கமே அதை அனுப்பியவருக்குத் திரும்பப் போகும் வழியா என்று கெர்னல் செய்யும் சோதனை. இதில் ஆல் மதிப்பு, இன்டர்ஃபேஸ் மதிப்பு இரண்டில் எது பெரியதோ அதுதான் நடக்கும். இன்டர்ஃபேஸில் 0 போட்டுவிட்டேன், இன்னும் போகவில்லையே என்று புலம்புகிறவர்கள் ஆல்-இல் 1 இருப்பதைப் பார்ப்பதில்லை. மூன்றாவது, /24-க்கு ஒரு பிளாக்ஹோல் ரூட் (வந்ததை அங்கேயே போட்டுவிடும் ரூட்) இரண்டு பெட்டியிலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் யாரிடமும் இல்லாத முகவரிக்கு வரும் பாக்கெட் டிஃபால்ட் வழியாகத் திரும்ப ஐஎஸ்பி-க்கே போய் ஊஞ்சல் ஆடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. ஒரு கேட்வே செத்தால் அதில் ஓடிய கனெக்ஷன்கள் சாகும், இது எல்லோருக்கும் தெரியும். அது திரும்ப உயிர்பெறும்போதும் சாகும், இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இரண்டாவது கேட்வேயில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தவற்றில் ஏறக்குறைய பாதி, ஈசிஎம்பி ஹாஷ் மறுபடி இரண்டாகப் பிரிந்ததும், முதல் கேட்வேக்குத் தாவும். அங்கே பழைய கனெக்ஷன் பற்றிய நினைவு இல்லை, லினக்ஸ் நடுவில் வந்த டிசிபி பாக்கெட்டைப் புதியதாக நினைத்து வேறு முகவரியில் நேட் செய்து அனுப்பும், எதிர்முனை ரீசெட் அடிக்கும்.

கான்ட்ராக்டி வைத்து இரண்டு பெட்டியின் நினைவையும் ஒத்திசைக்கலாமே என்பீர்கள். ஒருவர் வேலை செய்ய மற்றவர் காத்திருக்கும் ஏற்பாட்டில் அது அருமையாக வேலை செய்யும். இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது, ஒத்திசைவு வந்து சேர்வதற்குள் பதில் பாக்கெட் வந்துவிடும் பந்தயம் தொடங்கிவிடுகிறது.

ஆகவே என் கருத்து: நேட் செய்யும் டிராஃபிக்குக்கு ஆக்டிவ்-ஸ்டாண்ட்பை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேட்வே உள்ளே அறிவிக்கும் டிஃபால்ட்டில் ஏஎஸ் பாதையை நீட்டிவிடுங்கள் (குட்டையான பாதை இருக்கும்வரை நீளமானதை யாரும் எடுக்க மாட்டார்கள்), நேட் தொகுதி ஒன்றே ஒன்று போதும், அதை இரண்டு பெட்டியும் நடுக் கேபிளில் அறிவிக்கட்டும், முதல் பெட்டிக்கு முன்னுரிமை. கான்ட்ராக்டி நினைவைக் கடத்தட்டும். இரண்டு கேட்வேயும் ஓடினால் இரட்டிப்பு வேகம் கிடைக்குமே என்று மேலாளர் யாராவது கேட்டால், ஒரு பெட்டி தனியாக முழு டிராஃபிக்கையும் தாங்காவிட்டால் அதற்கு ரிடண்டன்சி என்றே பெயர் இல்லை என்று சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் சேவைகள் வேறு கதை, லோட் பேலன்சர் தன் /32-ஐத் தானே பிஜிபி-யில் அறிவித்து, கேட்வே அதற்கு நினைவில்லாத ஃபில்டர் மட்டும் வைத்திருந்தால், இரண்டு வாசலும் தாராளமாகத் திறந்திருக்கலாம்.


நடுராத்திரி_அட்மின்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நடுக் கேபிள் போட்டாயிற்று, இரண்டு 10ஜி, வேறு வேறு கார்டில்.

இரண்டு சந்தேகம். ஐஎஸ்பி எங்களோடு செஷனை நன்றாக வைத்துக்கொண்டு, டிஃபால்ட்டையும் அறிவித்துக்கொண்டு, ஆனால் அவர்களுக்கு மேலே அறுந்திருந்தால்? எங்கள் பக்கம் எல்லாம் பச்சையாகத் தெரியும். அப்புறம், பராமரிப்புக்காக ஒரு கேட்வேயை இறக்கும்போது சத்தமில்லாமல் இறக்க என்ன வழி? இப்போது சர்வீஸை நிறுத்துகிறோம், அந்த நேரத்தில் கொஞ்சம் பாக்கெட் போகிறது.


ஏஎஸ்_பாத்:

முதல் சந்தேகம் நல்ல சந்தேகம். உங்கள் ஐஎஸ்பி-யின் எட்ஜ் ரூட்டரிலும் யாரோ அந்த நிபந்தனையற்ற டிஃபால்ட்-ஒரிஜினேட் வரியை எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். எனவே டிஃபால்ட்டோடு சேர்த்து, தூரத்தில் இருக்கும் சில பிரிஃபிக்ஸ்களையும் (முகவரித் தொகுதிகளையும்) வாங்கிக்கொள்ளுங்கள். 8.8.8.0/24, 1.1.1.0/24, 9.9.9.0/24 போல மூன்று வேறு நிறுவனங்களுடையது இருந்தால் நல்லது. அந்த ஐஎஸ்பி வழியாக இவற்றில் ஒன்றாவது தெரியும்வரை உள்ளே டிஃபால்ட் அறிவி, மூன்றும் போனால் பின்வாங்கு என்று ரூட்-மேப்பில் நிபந்தனை வையுங்கள். பிங் ஸ்கிரிப்ட்டைப்போல ஒரு பாக்கெட் தாமதமானதற்கெல்லாம் இது தாவாது. வேண்டிய பிரிஃபிக்ஸ் மட்டும் உள்ளே வர ஃபில்டர் போடுங்கள், ஃபுல் டேபிள் ஐபிவி4-இல் பத்து லட்சத்தைத் தொடுகிறது, உங்களுக்கு அது தேவையே இல்லை.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு கேட்வேயும் ஒரே நேரத்தில் "எனக்கு வெளியே தெரியவில்லை" என்று பின்வாங்கினால் டிஃபால்ட்டே இல்லாத நெட்வொர்க் மிஞ்சும். 2021 அக்டோபர் 4 ஃபேஸ்புக் முடக்கம் நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அவர்களின் பேக்போன் துண்டிக்கப்பட்டது. அவர்களின் டிஎன்எஸ் சர்வர்களுக்கு டேட்டா சென்டர் எட்டவில்லை என்றால் தங்கள் பிஜிபி அறிவிப்பைத் தாங்களே திரும்பப் பெற வேண்டும் என்று ஏற்பாடு, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் எட்டாமல் போனதால் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள், முகவரி தேடி வந்தவர்களுக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை. ஒவ்வொரு பெட்டியும் தன்னளவில் சரியாகத்தான் நடந்துகொண்டது. ஆகவே ஒரு கேட்வேயிலாவது நிபந்தனை இல்லாத இன்னொரு டிஃபால்ட், ஏஎஸ் பாதையை மிக நீளமாக நீட்டி, கடைசித் துணையாக இருக்கட்டும். அதே பெட்டி இரண்டையும் ஒரே செஷனில் அனுப்ப முடியாது என்பதால் ரூட்-மேப்பைப் பின்வாங்கு என்று எழுதாமல், நிபந்தனை தவறினால் பாதையை நீட்டு என்று எழுதுவது எளிது.

இரண்டாவது சந்தேகத்துக்கு கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் என்று ஒரு கம்யூனிட்டி (ரூட்டோடு ஒட்டிச் செல்லும் குறி) உண்டு, 65535:0, ஆர்எஃப்சி 8326. எஃப்ஆர்ஆர்-இல் ஒரே வரி. இதைப் பார்க்கும் நெய்பர் அந்த ரூட்டுகளின் லோக்கல் பிரிஃபரன்ஸை (முன்னுரிமை எண்ணை) பூஜ்யமாக்க வேண்டும், வேறு வழி இருந்தால் அங்கே போய்விடுவார்கள், செஷன் மட்டும் விழாமல் நிற்கும். உங்கள் ஸ்பைன் அதை மதிக்கிறதா என்று பாருங்கள், மதிக்காவிட்டால் ரூட்-மேப்பில் நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஐஎஸ்பி மதிக்காவிட்டால் அவர்கள் பக்கம் பாதையை நீட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து, இன்டர்ஃபேஸ் கவுண்டர் இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

பெட்டி பூட் ஆகும்போதும் இதே கவனம் வேண்டும். எஃப்ஆர்ஆர் முதலில் எழுந்து "என்னிடம் வாருங்கள்" என்று டிஃபால்ட் அறிவித்துவிட்டு, நேட் விதிகளும் கான்ட்ராக்டி-யும் அதற்குப் பிறகு மெதுவாக எழுந்தால் அந்த இடைவெளியில் வந்ததெல்லாம் போச்சு. சிஸ்டம்டி-யில் வரிசையைக் கட்டுங்கள், அதோடு எஃப்ஆர்ஆர் எழும்போதே கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் நிலையில் எழட்டும், ஆள் பார்த்து எடுத்துவிடட்டும்.


கேபிள்_கந்தன்:

ஓஎஸ்பிஎஃப் கட்சியிலிருந்து நான் இன்னும் விலகவில்லை, ஆனால் இந்த கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் விஷயத்துக்கு பிஜிபி-க்கு ஒரு புள்ளி கொடுக்கிறேன்.

யாரும் கேட்காததை ஒன்று கேட்கிறேன். உங்கள் இரண்டு ஐஎஸ்பி ஃபைபரும் கட்டடத்துக்குள் எந்த வழியாக வருகின்றன? இரண்டு கம்பெனி, இரண்டு பில், ஆனால் கடைசி ஒரு கிலோமீட்டர் ஒரே டக்ட், ஒரே மேன்ஹோல் என்பது சென்னையில் சர்வ சாதாரணம். ஜேசிபி ஒருமுறை கையை வைத்தால் உங்கள் ரூட்-மேப் எல்லாம் ஒன்றும் செய்யாது. சேல்ஸ் ஆளிடம் கேட்காதீர்கள், வேறு வழி என்றுதான் சொல்வார். ரூட் மேப்பைக் கேட்டு வாங்குங்கள், நான் சொல்வது தரையில் போகும் ரூட் மேப். மீட்-மீ ரூமில் (வெளிக் கேபிள்கள் வந்து சேரும் அறை) போய்க் கேபிள் எந்தப் பக்கச் சுவரிலிருந்து வருகிறது என்றும் ஒருமுறை பாருங்கள்.

கன்சோலுக்குத் தனி வழியும் வையுங்கள், ஒரு 4ஜி மோடம் போதும். கேட்வேயை மாற்றும் வேலையை அந்தக் கேட்வே வழியாகவே உள்ளே வந்து செய்யாதீர்கள்.


நடுராத்திரி_அட்மின்:

நிலவரம் சொல்கிறேன். முதல் ரேக்கை மாற்றியாயிற்று, சப்நெட் மாற்றம் நீங்கள் சொன்னபடியே வலித்தது, குறிப்பாக எங்கெங்கோ கான்ஃபிக் ஃபைலில் ஐபி-யை நேராக எழுதி வைத்திருந்த பழைய அப்ளிகேஷன்கள். ஸ்பைன், கேட்வே எல்லாம் எஃப்ஆர்ஆர்-இல் ஏறி நிற்கின்றன. சுப்பு அண்ணா சொன்ன ஆக்டிவ்-ஸ்டாண்ட்பை ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டோம்.

சோதனையில் கேபிளைப் பிடுங்கியபோது எஸ்எஸ்எச் செஷன்கூட விழவில்லை. அதைவிடக் கொடூரமான சோதனை என்று நினைத்து, முதல் கேட்வேயில் பிஜிபி, பிஎஃப்டி இரண்டின் ப்ராசஸையும் கொல்லாமல் ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறையவைத்தோம். ஸ்பைன் பக்கம் பிஎஃப்டி உடனே பிடித்துவிட்டது. ஐஎஸ்பி பக்கம் பிஎஃப்டி கிடைக்கவில்லை, ஹோல்ட் 9 ஏற்றுக்கொண்டார்கள், அந்த ஒன்பது நொடியில் வெளியிலிருந்து வந்தவை உறைந்த பெட்டிக்கே வந்தன. ஆனால் கெர்னல் ரூட் அப்படியே இருந்ததால் பெட்டி அவற்றை ஃபார்வர்ட் செய்துகொண்டேதான் இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. மீடியா கன்வர்ட்டர் கோளாறை நடித்துக்காட்ட ஐஎஸ்பி இன்டர்ஃபேஸில் வரும் போகும் எல்லாவற்றையும் என்எஃப்டேபிள்ஸில் தடுத்தோம், அதிலும் ஒன்பது நொடி, பழைய 180-க்கு இது சொர்க்கம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. முதல் கேட்வேயை ரீபூட் செய்து திரும்பக் கொண்டுவந்தபோது சில நீண்ட டேட்டாபேஸ் கனெக்ஷன்கள் மட்டும் அறுந்தன. கான்ட்ராக்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.


சுவிட்ச்_சுப்பு:

திரும்பி வந்த பெட்டி பழைய நினைவை முழுதாகக் கேட்டு வாங்கவில்லை. கான்ட்ராக்டி புதிய மாற்றங்களை மட்டும் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும், ஏற்கெனவே எஸ்டாப்ளிஷ்ட் நிலையில் அமைதியாக இருக்கும் நீண்ட கனெக்ஷனில் மாற்றமே இல்லாததால் அது போய்ச் சேர்ந்திருக்காது. எழுந்ததும் எதிர்ப் பெட்டியிடம் முழு ரீசிங்க் கேட்க வேண்டும், டிராஃபிக்கை எடுக்கும் கணத்தில் வெளிக் கேஷை (எதிர்ப் பெட்டியிடமிருந்து வந்து காத்திருக்கும் நினைவை) கெர்னலுக்குள் கமிட் செய்ய வேண்டும். கான்ட்ராக்டி-யோடு வரும் பிரைமரி-பேக்கப் ஸ்கிரிப்ட்டில் இந்த வரிசை எழுதியிருக்கிறது, ஆனால் அதை கீப்அலைவ்டி அழைக்கும் என்று நினைத்து எழுதியது. நீங்கள் கீப்அலைவ்டி-யை எடுத்துவிட்டதால் அதை அழைக்க யாருமே இல்லை. பாத் சொன்ன அந்தக் கிரேஸ்ஃபுல் ஷட்டவுனை நீக்கும் ஸ்கிரிப்ட்டிலேயே, நீக்குவதற்கு முந்தின வரியாக ரீசிங்க், கமிட் இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது பெட்டி எடுத்துக்கொள்ளும் பக்கமும் கமிட் தேவை. அங்கே பிஜிபி மாற்றத்தைப் பார்த்துச் செய்ய ஒரு சின்ன வாட்சர் எழுதுவதைவிட, வெளிக் கேஷை அணைத்து வைத்தால் வருவதெல்லாம் நேராகக் கெர்னல் டேபிளிலேயே ஏறிவிடும். மெமரி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதோடு இரண்டு பெட்டியிலும் கெர்னலின் கான்ட்ராக் உச்சவரம்பு ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


நடுராத்திரி_அட்மின்:

அதேதான். ரீசிங்க் சேர்த்ததும் டேட்டாபேஸ் கனெக்ஷன் அறுபடாமல் நின்றது. வெளிக் கேஷை அணைப்பதை இரண்டாவது ரேக் மாற்றும்போது சேர்த்துவிடுகிறேன். ஃபைபர் தரை மேப்பைக் கேட்டு இரண்டு ஐஎஸ்பி-க்கும் மெயில் போட்டிருக்கிறேன், ஒருவர் அனுப்பிவிட்டார், இன்னொருவர் "இது கான்ஃபிடென்ஷியல்" என்கிறார்.


கேபிள்_கந்தன்:

அனுப்பியவர் மேப்பில் மேன்ஹோல் எண் இருக்கும், அதை மட்டும் எடுத்து மற்றவரிடம் "இந்த மேன்ஹோல் வழியாக வருகிறீர்களா, ஆமா இல்லையா" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்வார்கள்.